கிளிநொச்சியில் ஒரு விமானக் கருவிப் பலகை: பெயர்ப்பலகைப் பட்டறை ஒன்றின் வேலை பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சி நகரத்துக்கு வடக்கே ஏ9 வீதியோரமாக, கடைப் பெயர்ப்பலகைகளும் படலைகளுக்கான பூவேலைத் தகடுகளும் முகப்பில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பட்டறையின் வேலையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. கணினியின் கட்டளைப்படி நகரும் சி.என்.சி. வெட்டு இயந்திரம் ஒன்றும், மரப்பலகையையும் அக்கிரிலிக்கையும் வெட்டும் லேசர் இயந்திரம் ஒன்றும் அங்கே இருக்கின்றன. கடைகளுக்குப் பெயர் வெட்டுவது, கோயில் மண்டபங்களுக்கு உபயகாரர் பெயர் பொறிப்பது, அறுவடை நெருங்கும்போது சூடடிக்கும் இயந்திரங்களுக்குத் தகடு வெட்டிக் கொடுப்பது ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலைகள். நாங்கள் கொண்டு சென்ற வேலை இவற்றில் எதிலும் சேராதது. கனடாவில் என் மச்சான் தன் கையால் கட்டிப் பறந்துகொண்டிருக்கும் இரு இருக்கை விமானத்தின் கருவிப் பலகையை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் புதிய பலகையின் முழு அளவு மாதிரி ஒன்றை வெட்டுவிப்பதே எங்கள் தேவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரிப் பலகை செய்விப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வன்னியில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பறக்கப் போகும் தகட்டை அங்கே வெட்டுவிக்கக் கூடாது. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: பெயர்ப்பலகைக்காரர் அளவுக்கும் எழுத்துக்கும் பழகியவர், உலோகத்தின் தரத்துக்குப் பழகியவர் அல்லர்.

பட்டறையின் பெயரை நான் எழுதாமல் விடுவது உரிமையாளரின் வேண்டுகோளின்படி. “விமானத்துக்குச் சாமான் செய்து குடுத்தவன் எண்டு என்ர பேர் வெளியால வரவேண்டாம், சேர்” என்றார். வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்தத் தயக்கத்தை இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மச்சானுடைய விமானம் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-9ஏ. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 1973இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் விமானத்தைப் பாகங்களாக விற்கிறது. வாங்குபவர் தன் வீட்டுக் கராஜில் ஆண்டுக்கணக்கில் தறையாணி (ரிவெட்) அடித்துப் பூட்டி முடிக்கிறார். கட்டுபவர்கள் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வகை விமானங்களுக்கான அடிப்படை விதி. அந்த உழைப்புக்குக் கிடைக்கும் பலன்களில் ஒன்று, கருவிப் பலகையில் எதை எங்கே வைப்பது என்பதைக் கட்டுபவரே தீர்மானிக்கலாம் என்பது. தொழிற்சாலையிலிருந்து வரும் செஸ்னா 172 போன்ற விமானத்தில் ஒரு மானியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் வேண்டும். வீட்டில் கட்டிய விமானத்தில் அந்தக் கட்டு பெருமளவு தளர்ந்திருக்கிறது. ஆகவே கெட்ட பலகை ஒன்றை அமைத்துக்கொள்ளும் உரிமையும் கட்டுபவருக்கு முழுமையாகவே இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய பலகையில் ஆறு வட்டக் கருவிகள் வழக்கமான ஒழுங்கில் இருந்தன. மேல் வரிசையில் வேகமானி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம், உயரமானி; கீழ் வரிசையில் திருப்பங்காட்டி, சுழலித் திசைகாட்டி, ஏற்ற இறக்க வேகமானி. இவற்றில் செயற்கை அடிவானமும் சுழலித் திசைகாட்டியும் எஞ்சினால் இயங்கும் வெற்றிடப் பம்பியின் உறிஞ்சலில் சுழல்பவை. பம்பி நின்றால் இரண்டும் ஒருங்கே பொய் சொல்லத் தொடங்கும், அதுவும் உடனே அல்லாமல் மெல்ல மெல்லச் சாய்ந்து. முகிலுக்குள் இருக்கும் விமானிக்கு இதைவிட ஆபத்தான பொய் இல்லை. மச்சான் பம்பியையும் அதன் குழாய்களையும் அடியோடு அகற்றிவிட்டு, இக்கருவிகள் காட்டுவதையெல்லாம் ஒருங்கே காட்டும் டைனன் ஸ்கைவியூ எச்டிஎக்ஸ் வகைப் பத்து அங்குலத் திரை ஒன்றையும், அது அணைந்தாலும் தனியே இயங்கக்கூடிய கார்மின் ஜி5 என்ற சிறு கருவியையும் வைக்கத் தீர்மானித்திருந்தார். ஜி5 பழைய வட்டக் கருவிக்குரிய துளைக்குள்ளேயே அமர்ந்துகொள்ளும். அதற்கான பற்றரியைப் பின்னால் பொருத்தினால் விமானத்தின் மின்சாரம் முழுவதும் போன பிறகும் நான்கு மணி நேரம் வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர் கூறுகிறார்.

இந்த மாற்றத்துக்கு முழு அளவு மாதிரி ஏன் வேண்டும் என்று கேட்கலாம். கணினித் திரையில் பார்க்கும் பலகை எப்போதும் அழகாகவே இருக்கும். இருக்கையில் அமர்ந்து, தோள்வாரை இறுக்கிக்கொண்டு, கையை நீட்டிப் பார்க்கும்போதுதான் வானொலியின் குமிழ் எட்டவில்லை என்பதும், திரையின் கீழ் ஓரத்தைக் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்த கை மறைக்கிறது என்பதும் தெரியும். கனடாவில் பலகை வெட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது முடிந்த வரைபடத்தை. முடியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் வெட்டிப் பார்ப்பதற்கு அங்கே கூலி கட்டுபடியாகாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த மச்சான் மடிக்கணினியில் வரைபடத்தையும், பொதிக்குள் விமானத்திலிருந்து கழற்றிய பழைய வேகமானியையும் கொண்டு வந்திருந்தார். உயர்தர மாணவர்களுக்குப் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிக்கும் எனக்கும் இதில் ஒரு சுயநலம் இருந்தது. வேலை முடிந்ததும் மாதிரிப் பலகை எனக்கே என்பது ஏற்பாடு.

பட்டறையில் எனக்கு முதலில் பிடித்தது, அவர்கள் கோப்பைப் பெற்றவுடன் இயந்திரத்தை முடுக்காமல் இருந்ததுதான். டி.எக்ஸ்.எஃப். வகை வரைபடக் கோப்பில் எண்கள் இருக்கும். அவை அங்குலமா மில்லிமீற்றரா என்பது பல வேளைகளில் கோப்பைத் திறக்கும் மென்பொருளின் ஊகத்துக்கு விடப்பட்டுவிடும். விமானக் கருவிகளின் உலகம் இன்னும் அங்குலத்திலேயே இருக்கிறது. நம்முடைய பட்டறைகள் மில்லிமீற்றரில் இயங்குகின்றன. இரண்டுக்கும் இடையே 25.4 மடங்கு வித்தியாசம். இயந்திரத்தை இயக்கும் இளைஞர் வரைபடத்தின் மூலையில் 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வரையச் சொன்னார். அதை முதலில் கடதாசி மட்டையில் வெட்டி, வேர்ணியர் இடுக்கிமானியால் அளந்து, சரி என்று கண்ட பிறகே மேற்கொண்டு நகர்ந்தார். அவர் அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்தவராம். அளந்த பின் வெட்டும் பழக்கத்தை அங்கே ஊட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த நிறுவனத்துக்கு அது பெருமை.

முதல் மாதிரி, மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் லேசரால் வெட்டப்பட்டது. இங்கே ஒரு குறை தென்பட்டது. கருவிப் பலகை ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமானது. லேசர் இயந்திரத்தின் மேடை அதைவிடச் சிறியது. ஆகவே பலகையை இரண்டு பாதிகளாக வெட்டி ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் அரை மில்லிமீற்றருக்கு மேல் படி விழுந்திருந்ததை விரலால் தடவியே உணர முடிந்தது. அது போதாதென்று, அந்த இணைப்பு நடுவிலுள்ள வானொலித் திறப்பின் ஊடாகவே சென்றது. வானொலிகளின் அகலம் 6.25 அங்குலம், அதாவது 158.75 மில்லிமீற்றர் என்று நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட ஒன்று. அந்தத் திறப்பு பிசகினால் வானொலியின் சட்டகம் உள்ளே போகாது, அல்லது போய் ஆடும். மேடையின் அளவை முன்கூட்டியே சொல்லியிருந்தால் இணைப்பை வேறிடத்தில் வைத்து வரைந்திருக்கலாம். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வது பட்டறையின் கடமை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது மாதிரி, பெயர்ப்பலகைகளுக்குப் பயன்படும் அலுமினியக் கூட்டுத் தகட்டில், சி.என்.சி. இயந்திரத்தால் ஒரே துண்டாக வெட்டப்பட்டது. இந்த வேலையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பெரிய வட்டக் கருவிக்குரிய துளை 3⅛ அங்குலம், ஏறத்தாழ 79.4 மில்லிமீற்றர், சிறியதற்கு 2¼ அங்குலம், 57.2 மில்லிமீற்றர். பெரிய கருவியை நான்கு திருகாணிகள் பிடிக்கின்றன. அவற்றின் மையங்கள் 2.475 அங்குலப் பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில் அமையும். மச்சான் கொண்டு வந்த வேகமானியைப் பின்பக்கத்திலிருந்து செலுத்தியபோது அது உராயாமலும் ஆடாமலும் அமர்ந்தது. நான்கு திருகாணிகளும் கையாலேயே ஏறின. லேசரால் வெட்டிய எம்.டி.எஃப். மாதிரியில் துளையின் சுவர் சற்றுச் சரிவாக இருந்ததால் அதே கருவியை அமர்த்துவதற்கு அரத்தாள் தேவைப்பட்டது. வட்டத்துளைகளில் துல்லியம் வேண்டுபவர்கள் லேசரைக் கேட்காமல் சுழலும் அலகையே கேட்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு துளை போதுமான சான்று.

திரைக்குரிய செவ்வகத் திறப்பிலும் அந்த இயந்திரமே நல்லது. மூன்று மில்லிமீற்றர் அலகு உள்மூலையில் தானாகவே ஒன்றரை மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவை விட்டுச் செல்லும். கூரான உள்மூலையில் அதிர்வின் அழுத்தம் குவிந்து வெடிப்புத் தொடங்கும் என்பதால், உண்மையான விமானத் தகட்டிலும் இத்தகைய வளைவு வேண்டியதே. மூலை கூராக இல்லையே என்று உரிமையாளர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னபோது, அப்படியே இருக்கட்டும் என்று மச்சான் தடுத்துவிட்டார்.

இனிப் பொருளைப் பற்றி. இந்த மதிப்பீட்டில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இதுவே. ஏனெனில் மாதிரி அவ்வளவு நன்றாக அமைந்ததைப் பார்த்த உரிமையாளர், இதையே கொண்டுபோய் விமானத்தில் பூட்டலாமே என்றார். அலுமினியக் கூட்டுத் தகடு வெளிப்பார்வைக்கு அலுமினியம். உண்மையில் இரண்டு மெல்லிய அலுமினியத் தோல்களுக்கு நடுவே பிளாஸ்ரிக் நிரப்பிய ஒன்று. மலிவான வகைகளில் அந்த நிரப்பி பொலித்தீன், அது எரியும். 2017 ஜூன் மாதத்தில் இலண்டனில் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பு தீப்பற்றி 72 பேர் இறந்தபோது, தீ வெளிச்சுவர் வழியே அவ்வளவு விரைவாக ஏறியதற்கு முதன்மைக் காரணமாக விசாரணை கண்டது இதே குடும்பத்தைச் சேர்ந்த தகட்டைத்தான். மின்கம்பிகள் அடர்ந்திருக்கும், எஞ்சினுக்கு ஒரு சுவர் தள்ளி இருக்கும் இடத்தில் அதைப் பூட்டுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. உரிமையாளர் இதைக் கேட்டதும் வாதாடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

சரி, கூட்டுத் தகட்டை விட்டுத் தனி அலுமினியத் தகட்டில் வெட்டலாமே என்றால், அதற்கும் தடை உண்டு. விமானப் பலகைகளுக்கு வழக்கமாக எடுப்பது 6061-டி6 அல்லது 2024-டி3 என்ற தரக் குறியீடு பெற்ற, ஒன்றரை முதல் இரண்டேகால் மில்லிமீற்றர் வரையான தடிப்புள்ள தகடு. இங்கே இரும்புக் கடையில் கிடைக்கும் அலுமினியத் தகட்டுக்கு எந்தக் குறியீடும் இல்லை. கையால் வளைத்தால் சொன்னபடி கேட்கும் மென்மையே அதன் தரத்தைச் சொல்லிவிடும். சமையலறைச் சுவருக்கு அடிக்க அது போதும். பட்டறையில் உள்ள லேசர் இயந்திரமோ அலுமினியத்தை வெட்டவே வெட்டாது. அந்த வகைக் கரியமில வாயு லேசரின் ஒளியை அலுமினியம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். உலோகத்துக்கென்றே உள்ள ஃபைபர் லேசர் வேறு இயந்திரம்.

அந்த இயந்திரம் இருந்தாலும் யோசிக்க இடமுண்டு என்பதற்கு வான்ஸ் நிறுவனத்தின் அனுபவமே சான்று. பாகங்களில் தறையாணித் துளைகளை அச்சுக் கருவியால் குத்தி வந்த அந்த நிறுவனம், தேவை பெருகிய காலத்தில் ஒரு பகுதியை லேசர் வெட்டுக்கு மாற்றியது. அப்படி வெட்டிய துளைகளைத் தறையாணித் தலைக்காகக் குழித்தபோது ஓரங்களில் வெடிப்புகள் தோன்றின. கட்டிக்கொண்டிருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், நிறுவனம் பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு நிதிச் சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, 2023 டிசம்பரில் அது கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கருவிப் பலகையின் துளைகளை யாரும் அப்படிக் குழிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு துளையின் ஓரம் எப்படி வெட்டப்பட்டது என்பது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை மச்சானைப் போன்றவர்கள் அதன்பின் மறப்பதில்லை.

பொருளைப் பற்றியே இன்னொரு சொல். விலை குறைவு என்று நுரை பி.வி.சி. பலகையில் லேசர் மாதிரி கேட்பவர்கள் உண்டு. பி.வி.சி.யை லேசர் சுட்டால் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். அது நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் ஆடிகளையும் தண்டவாளங்களையும் அரிக்கும். இந்தப் பட்டறையில் அதை மறுத்துவிடுகிறார்கள். மறுக்காத பட்டறைகளும் நம் பக்கத்தில் இருப்பதால் இதை ஒரு நற்சான்றாகவே கொள்கிறேன்.

மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய வான் வண்டி ஒன்றின் இருக்கையை விமானத்தில் உள்ள உயரத்துக்கும் தூரத்துக்கும் அடுக்கி வைத்து, அதன் முன்னே நிறுத்தினோம். மச்சான் அதில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் ஆளியையும் தொட்டுப் பார்த்தார். எரிபொருள் பம்பியின் ஆளியும் இறங்குவிளக்கின் ஆளியும் அருகருகே ஒரே வடிவத்தில் இருந்தன. இருட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றதை அணைக்க அது வழி. இரண்டையும் பிரித்து, பம்பி ஆளிக்குக் காவல் வளையம் வைக்க முடிவாயிற்று. மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதியால் வாசிக்கும் வயது அவருக்கு. வானொலியின் எண்கள் பலகையின் அடியில் இருந்தால் தெளிவாகத் தெரிகின்றன, மேலே இருந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வரைபடம் வரைந்தவர்களில் எவரும் இதை எண்ணியிருக்கவில்லை. ஜி5 முதலில் திரைக்கு வலப்பக்கம் இருந்தது. பெரிய திரை அணைந்த நொடியில் கண் இயல்பாகப் போகும் இடம் அதுவல்ல என்று கண்டு, விமானிக்கு நேர் எதிரே, திரைக்கு இடப்பக்கமாக அதை நகர்த்தினோம்.

இந்தத் திருத்தங்களோடு நாங்கள் திரும்பிச் சென்றபோது பட்டறை நடந்துகொண்ட முறை பாராட்டத் தக்கது. திருத்திய கோப்புக்குத் தகட்டின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். வெட்டுக் கூலியை மீண்டும் கேட்கவில்லை. பெயர்ப்பலகை வேலையில் வாடிக்கையாளர் எழுத்தை மாற்றுவது வழக்கம் என்பதால் அவர்களுக்கு இது பழகிய ஒன்று போலும். அதற்கு முன் நாங்கள் விசாரித்த கடைச்சல் பட்டறை ஒன்றில், ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள்.

மேற்பூச்சு விடயத்தில் பட்டறை தடுமாறியது. அவர்களிடம் இருந்த கறுப்பு முழுவதும் பளபளப்பானது. பெயர்ப்பலகை பளபளக்க வேண்டும். கருவிப் பலகை பளபளக்கக் கூடாது. வன்னியின் மாலை வெயிலில் முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது, பலகையில் எங்கள் சட்டைகளின் நிறம்கூடத் தெரிந்தது. கண்ணாடி மூடியின் கீழ் அமர்ந்திருக்கும் விமானிக்கு அது தாங்கமுடியாத தொல்லை. இறுதியில் ஒளி மங்கிய சாம்பல் ஸ்டிக்கர் தாளை மேலே ஒட்டித் தந்தார்கள். குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தார்கள் என்பதோடு, துளைகளின் ஓரத்தில் தாளைப் பின்பக்கமாக மடித்தும் விட்டிருந்தார்கள். கேட்காமல் செய்த வேலை அது.

எழுத்து வேலைதான் இவர்களுடைய உண்மையான பலம். ஒவ்வோர் ஆளிக்கும் மின்சுற்றைக் காக்கும் பிரேக்கருக்கும் அதன் பெயர் அருகில் இருந்தே ஆக வேண்டும். மேலே கறுப்பும் உள்ளே வெள்ளையுமான ஈரடுக்கு அக்கிரிலிக்கில் லேசரால் பொறித்த அந்தச் சிறு பட்டைகள், வெளிநாட்டில் இதற்கெனவே விற்கப்படுபவற்றை விட எந்த வகையிலும் குறைந்தவை அல்ல என்று மச்சான் சொன்னார். மூன்று மில்லிமீற்றர் உயர எழுத்துகள்கூடக் கூராக விழுந்திருந்தன. ஆங்கிலச் சொல் ஒன்றில் எழுத்து மாறியிருந்தது. சுட்டிக்காட்டியவுடன் பேச்சின்றி மாற்றித் தந்தார்கள். பட்டைகளை ஒட்டியதில் மட்டும் கண்மதிப்பை நம்பியிருந்தார்கள். நீண்ட வரிசையின் இறுதியில் ஒரு பட்டை சற்றே இறங்கி நின்றது. இத்தகைய வேலை கொடுப்பவர்கள், பட்டைக்குரிய ஆழமற்ற பள்ளத்தையும் வரைபடத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. இந்தப் பட்டைகளை மச்சான் கனடாவுக்கு எடுத்துச் சென்றார். அங்கே பலகையில் ஏறப்போகும் கிளிநொச்சி வேலை அது ஒன்றே.

திருகாணிகளை அங்கே வாங்காதீர்கள். பட்டறையில் இருப்பவை இரும்பு. மின்திரைகள் எத்தனை வந்தாலும் சாதாரணக் காந்தத் திசைகாட்டி விமானத்தில் இருக்கும். அதன் அருகே இரும்புத் திருகாணி இருந்தால் முள் விலகும். அந்த இடத்துக்குப் பித்தளையோ காந்தம் பற்றாத துருவேறா உருக்கோ வேண்டும். எதைப் பூட்டினாலும், பலகையை மாற்றிய பின் விமானத்தைத் தெரிந்த திசைகளுக்குத் திருப்பி நிறுத்தித் திசைகாட்டியின் பிழையை அளந்து, அட்டையில் எழுதி, அதன் அருகே ஒட்டுவது கட்டாய வேலை. அதேபோல, வெற்றிடப் பம்பியும் பழைய கருவிகளும் போய்ப் புதியவை வந்ததால் எடையும் ஈர்ப்பு மையமும் மாறியிருக்கும். அதையும் நிறுத்துக் கணக்கிட்டு ஏட்டில் பதிய வேண்டும். இவை பட்டறையின் பொறுப்பு அல்ல என்றாலும், பலகை மாற்றம் என்பது தகடு வெட்டுவதோடு முடிகிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

கம்பி வேலையையும் செய்து தருவதாகச் சொன்னார்கள்; நன்றி கூறி மறுத்தோம். உழவு இயந்திரத்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் இழுக்கும் கம்பியின் உறை பி.வி.சி.; எரிந்தால் மூச்சைத் திணறடிக்கும் புகை வரும். விமானத்துக்கு எடுப்பது டெஃப்செல் என்ற பிளாஸ்ரிக் உறையிட்ட, 150 பாகை செல்சியஸ் தாங்கும் கம்பி. அதை இங்கே தேடி அலைய வேண்டாம். என் வீட்டில் நிற்கும் மாதிரிக்கு மட்டும் அவர்களுடைய கம்பியே போதுமாக இருந்தது. திறப்புகளின் பின்னால் பழைய கணினித் திரை ஒன்றை நிறுத்தி, எக்ஸ்-பிளேன் என்ற பறப்புப் பாவனை மென்பொருளின் கருவிகளை அதில் காட்டி, ஆளிகளை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு அட்டை மூலம் இணைத்திருக்கிறேன். வேகமானியின் வெள்ளை வில் இறக்கை மடிப்புகளை இறக்கக்கூடிய வேகத்தைக் காட்டுகிறது, சிவப்புக் கோட்டை ஒருபோதும் தாண்டக் கூடாது என்பதை மாணவர்கள் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்டுவிட்டார்கள். திருப்பத்தில் உயரத்தை இழப்பது மட்டும் இன்னும் ஓயவில்லை.

கூலியைத் தகட்டின் பரப்பையும் இயந்திரம் ஓடும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுகிறார்கள். கொழும்பில் நாங்கள் விசாரித்த இடங்களை விடக் குறைவாகவே இருந்தது. நேரம்தான் இவர்களுடைய பலவீனம்: சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. மின்சாரம் நின்றால் இயந்திரம் வெட்டிய இடத்திலிருந்து தொடராது. தகட்டை முதலிலிருந்து வெட்ட வேண்டும், அந்த நட்டத்தை அவர்களே ஏற்கிறார்கள். காலபோக அறுவடைக்கு முந்திய மார்கழியிலும், சிறுபோக அறுவடைக்கு முந்திய ஆடியிலும் போகாமல் இருப்பது நல்லது. அப்போது முற்றம் முழுவதும் சூடடிக்கும் இயந்திரங்கள் நிற்கும், உங்கள் கோப்பைத் திறக்கவே ஆள் இருக்காது. போகும்போது பூட்ட வேண்டிய கருவிகளில் ஒன்றையாவது கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெட்டி முடிந்ததும் திறப்புகளிலிருந்து விழுந்த வட்டத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தனியே பணம் கேட்பதில்லை. திருகாணித் துளையின் அளவைச் சோதிக்க அதே தடிப்புள்ள தகடு வேறெங்கும் கிடைக்காது.